கல்லூரி குவார்ட்டர்பேக்கை டிராஃப்டுக்கு முன் எடைபோடுவது எப்படி?

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்தான் குவார்ட்டர்பேக். கல்லூரியில் ஒரே பருவத்தில் 4,000 யார்டு வீசிக் கொண்டாடப்பட்ட குவார்ட்டர்பேக், தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லுக்குப் போனதும் ஏன் தடுமாறுகிறார், அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களை எடுக்கும், ஏப்ரல் கடைசியில் நடக்கும் டிராஃப்டுக்கு முன்பே அதைக் கணிக்க முடியுமா என்பது கேள்வி. ஓரளவு முடியும். ஆனால் அதற்குச் சரியான இடத்தில் பார்க்க வேண்டும். பயிற்சியாளர் வரைந்தது வரைந்தபடியே பலித்த பிளேக்களிலிருந்து, அதாவது முன்திட்டமிட்ட நகர்வுகளிலிருந்து, அந்தப் பயிற்சியாளரின் திறமைதான் தெரியவரும். பந்தைப் பிடிக்க ஓடும் முதல் ரிசீவர் அடைபட்டு, குவார்ட்டர்பேக்கைக் காக்க முன்னால் நிற்கும் வீரர் வரிசையான லைன் உடைந்து, இரண்டரை நொடி தாண்டிய பிறகு இந்த இளைஞனின் கண்ணும் காலும் என்ன செய்கின்றன என்று பாருங்கள். அடுத்த மட்டத்துக்கு அவரோடு கூடவே போகப்போவது அதுதான்.

முதலில், கல்லூரி எண்கள் ஏன் ஊதிப்போயிருக்கின்றன என்று தெரிய வேண்டும். விதிகளே வேறு. கல்லூரியில் ஆர்பிஓ எனப்படும், ஓடலாமா வீசலாமா என்று பந்து கைக்கு வந்தபின் முடிவெடுக்கும் பிளேயில் லைன்மேன்கள் 3 யார்டு வரை முன்னேறலாம். என்எஃப்எல்லில் 1 யார்டுதான். அந்த 2 யார்டு வித்தியாசம், எதிரணியின் நடு அடுக்கில் நிற்கும் லைன்பேக்கரை ஓட்டம்தான் வருகிறது என்று குழப்பி, அவர் பின்னால் ஒரு பெரிய ஓட்டையைத் திறந்துவிடும். அந்த ஓட்டையில் வீசும் பாஸ் கல்லூரியில் சுலபமானது. என்எஃப்எல்லில் அதே பிளேயில் பந்து இன்னும் முன்னதாகவே கையை விட்டுப் போயாக வேண்டும்.

அடுத்தது மைதானத்தின் ஹாஷ் கோடுகள். ஒவ்வொரு பிளேயும் தொடங்கும்போது பந்து இவற்றின்மேலோ இவற்றுக்கு நடுவிலோதான் இருக்கும். அகலம் இரண்டிலும் 160 அடிதான். கல்லூரியில் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் இடையே 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். அதனால் கல்லூரியில் பந்து ஒரு ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. ஓரக்கோட்டை நோக்கி 15 யார்டு ஆழத்தில் திரும்பும் அவுட் ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குவார்ட்டர்பேக் 7 யார்டு பின்னால் நின்று வீசினால், குறுகிய பக்கத்தில் பந்து பறக்கும் தூரம் ஏறத்தாழ 28 யார்டு; அகன்ற பக்கத்தில் 38. புள்ளிவிவரத்தில் இரண்டும் ஒரே 15 யார்டு பாஸ்தான். ஆகவே கையின் பலத்தைப் பார்க்க வேண்டுமானால் அகன்ற பக்கத்து அவுட் பாஸ்களை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். அப்படி ஒன்றுகூட அவர் வீசவில்லை என்றால் அதையும் எழுதிவையுங்கள். பயிற்சியாளர் ஏன் அதைத் தவிர்த்தார் என்பது பிறகு கேட்க வேண்டிய கேள்வி.

மூன்றாவது, யார் சிந்திக்கிறார் என்பது. பல கல்லூரி அணிகளில் எல்லோரும் வரிசையில் நின்றபிறகு குவார்ட்டர்பேக் ஓரக்கோட்டைத் திரும்பிப் பார்ப்பார். எதிரணி எப்படி நிற்கிறது என்று பயிற்சியாளர் பார்த்து, பிளேயை மாற்றிச் சைகை காட்டுவார். என்எஃப்எல்லில் ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளர் குரல் கேட்கும் ஒலிபெருக்கி 1994 முதலே உண்டு. ஆனால் அடுத்த பிளேயைத் தொடங்குவதற்கான அவகாசத்தைக் காட்டும் பிளே கடிகாரத்தில் 15 நொடி மீதமிருக்கும்போது அது அணைந்துவிடும். அதன் பிறகு அவர் தனி ஆள். கல்லூரியின் மேல் மட்டத்தில் இந்த வசதி 2024இல்தான் வந்தது. எனவே பந்து பின்னால் தரப்பட்டுப் பிளே தொடங்கும் ஸ்னாப்புக்கு முன் அவர் விரல் நீட்டி லைன்பேக்கரைக் காட்டுகிறாரா, லைனின் பாதுகாப்பைத் தானே மாற்றுகிறாரா, பந்தோடு ஓடும் ரன்னிங்பேக்கை இடம் மாற்றி நிறுத்துகிறாரா என்று கவனியுங்கள். இதைச் செய்கிறவர் என்எஃப்எல் வேலையில் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்.

புள்ளிவிவரத்தைச் சலித்த பிறகுதான் படிக்க வேண்டும். பிளே தொடங்கும் இடமான ஸ்கிரிமேஜ் கோட்டுக்குப் பின்னால் பிடிக்கப்பட்ட, ஸ்கிரீன் எனும் குறும் பாஸ்களை நீக்குங்கள். வேண்டுமென்றே வெளியே எறிந்தவற்றை நீக்குங்கள். ரிசீவர் கையில் பட்டு விழுந்ததை நல்ல வீச்சாகவே எண்ணுங்கள். மீதியை 0 முதல் 9, 10 முதல் 19, 20க்கு மேல் என்று ஆழவாரியாகப் பிரியுங்கள். பிடிபட்ட பாஸ்கள் 70 சதவீதம் என்று மின்னிய எண் பல நேரம் இந்தச் சலிப்பில் உருகிப்போகும். 10 முதல் 19 யார்டு வரையிலான நடுப்பகுதி வீச்சுகளுக்கு நான் மிக அதிக மதிப்புக் கொடுப்பேன். 10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகள்தான் டவுன்கள்; என்எஃப்எல் மூன்றாவது டவுன்கள் அங்கேதான் வாழ்கின்றன. லைன்பேக்கர் தலைக்கு மேல், கடைசி அடுக்கில் காக்கும் சேஃப்டிக்கு முன்னால் பந்தை இறக்க வேண்டிய இடம் அது. பலவீனமான அணிகளுக்கு எதிரான நான்கு பெரிய வெற்றிகளில் எண்ணைக் கூட்டியிருந்தால், தட்டையான ஆடுகளத்தில் அடித்த சதத்துக்கு என்ன மதிப்போ அதே மதிப்புதான் அதற்கும்.

பந்தை வீசுமுன்பே குவார்ட்டர்பேக் வீழ்த்தப்படுவதுதான் சாக். அந்தக் கணக்கில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கல்லூரிக் கணக்குமுறையில் சாக்கில் இழந்த யார்டுகளை ஓட்டக் கணக்கிலிருந்து கழிப்பார்கள். அதனால் பாஸ் எண்கள் உண்மையைவிட அழகாகவும், ஓட்ட எண்கள் உண்மையைவிட மோசமாகவும் தெரியும். இரண்டையும் நீங்களே திருத்திக்கொள்ள வேண்டும்.

இனி வீடியோ. ஐந்து ஆட்டங்களாவது வேண்டும், அவையும் தேர்ந்தெடுத்தவையாக இருக்க வேண்டும்: அவர் எதிர்கொண்ட மிக வலிமையான தற்காப்பு, அவருடைய மிக மோசமான ஆட்டம், வெளியூரில் ஆடிய ஒன்று, முந்தைய பருவத்தில் ஒன்று, கடைசிக் கால்பகுதியில் பின்தங்கியிருந்து துரத்திய ஒன்று. அவர் வீசுவதற்காகப் பின்வாங்கும் டிராப்பேக் மொத்தம் 150 முதல் 200 கிடைக்கும். சிறந்த காட்சிகளின் தொகுப்பு எதற்கும் உதவாது. தொலைக்காட்சிக் காட்சியில் சேஃப்டிகள் சட்டகத்துக்கு வெளியே போய்விடுவார்கள். 22 பேரும் தெரியும் பயிற்சியாளர் வீடியோ கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மைதானத்தின் கடைமுனையான எண்ட்ஸோன் பின்னாலிருந்து காட்டும் மறுஒளிபரப்புகளை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

ஒவ்வொரு டிராப்பேக்குக்கும் ஒரு வரி எழுதுங்கள். எந்த டவுன், எத்தனை யார்டு தேவை. ஸ்னாப்புக்கு முன் சேஃப்டிகள் ஒருவரா இருவரா, ஸ்னாப் ஆனதும் அது மாறியதா. முதல் ரிசீவர் திறந்திருந்தாரா. அழுத்தம் வந்ததா, எங்கிருந்து. அவர் எடுத்த முடிவு சரியா. பந்து எங்கே போய் விழுந்தது. முடிவையும் விளைவையும் தனித்தனியாக மதிப்பிடுவது மிக முக்கியம். தவறான முடிவு, எண்ட்ஸோனை எட்டிப் புள்ளி பெறும் டச்டவுனாக மாறும். சரியான முடிவு, எதிரணி பந்தைப் பிடித்துவிடும் இன்டர்செப்ஷனாக முடியும். ஒன்றோடொன்று கலந்துவிட்டால் 200 வரி எழுதியும் பயன் இல்லை.

கண்ணைக் கவனிப்பது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். ஹெல்மெட் முகப்பையும் முன்காலையும் பாருங்கள். ஒழுங்காகக் கற்றவருக்குக் கண் நகர்ந்தால் காலும் கூடவே நகரும்: முதல் ரிசீவரைப் பார்த்தார், சின்னதாக ஓர் அடி எடுத்து இரண்டாமவரை நோக்கினார், இடுப்பு அந்தப் பக்கம் திரும்பியது. கண் மட்டும் நகர்ந்து கால் பழைய திசையிலேயே நின்றால் அடுத்த வீச்சு தலைக்கு மேல் போகும் அல்லது ரிசீவரின் முதுகுக்குப் பின்னால் விழும். மூன்றாம் ரிசீவர்வரை போய் வீசிய பிளேக்களை எண்ணுங்கள். ஐந்து ஆட்டங்களில் மூன்று நான்குதான் தேறுகிறது என்றால் அவரால் முடியாது என்று அர்த்தமில்லை. அதற்கான சான்று இன்னும் கிடைக்கவில்லை என்றே எழுத வேண்டும்.

இன்டர்செப்ஷன்களை எண்ணிக்கையாகப் பார்க்காமல் வகையாகப் பாருங்கள். பின்தங்கிய நிலையில் துணிந்து எறிந்ததை மன்னிக்கலாம். ரிசீவர் கையில் பட்டுத் தெறித்தது அவர் பிழையே இல்லை. தாமதமாக வீசியது திருத்தக்கூடியது. ஆனால் நடுவில் பின்வாங்கி நின்ற லைன்பேக்கரைப் பார்க்காமலே அவர் மார்பில் வீசுவது திரும்பத் திரும்ப வந்தால் அது பெரிய ஆபத்து. தற்காப்பு வீரர் பிடிக்கத் தவறி விழுந்த பந்துகளையும் இதே கணக்கில் சேருங்கள்.

அழுத்தத்தின் கீழ் ஆடுவதுதான் தேர்வின் மையம். நெருக்கப்பட்ட ஒவ்வொரு 100 தடவையிலும் எத்தனை சாக்கில் முடிகிறது என்று கணக்கிடுங்கள். 20ஐத் தாண்டினால் எச்சரிக்கை என்பது பலரும் கைக்கொள்ளும் அளவு. சாக்குக்கு லைனைத்தான் குற்றம் சொல்வது வழக்கம். ஆனால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே இருப்பது குவார்ட்டர்பேக்கின் பழக்கம், பழக்கம் அணி மாறினாலும் மாறாது. கேலப் வில்லியம்ஸ் யுஎஸ்சி என்ற பல்கலைக்கழக அணியில் பிளேயை நீட்டி நீட்டி அற்புதங்கள் செய்தார். 2024 டிராஃப்டில் முதலிடத்தில் சிகாகோ பேர்ஸ் எடுத்த பிறகு அந்த முதல் பருவத்தில் 68 முறை சாக் வாங்கினார். அணியின் குறை அதில் நிறைய உண்டு. ஆனால் அந்தப் பழக்கம் வீடியோவில் முன்பே தெரிந்தது.

லைன் காத்துத் தரும் இடமான பாக்கெட்டுக்குள் குவார்ட்டர்பேக் நகரும் விதத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கத்திலிருந்து பாய்பவர் வரும்போது அரை அடி முன்னேறி, கண்ணை மேலேயே வைத்து வீசுகிறவர் ஒரு வகை. அழுத்தத்தின் வாசனை பட்டதும் கண்ணைக் கீழே இறக்கி ஓடத் தொடங்குகிறவர் வேறு வகை. இரண்டாமவர் கல்லூரியில் 12 யார்டு ஓடிப் பாராட்டு வாங்குவார். என்எஃப்எல்லில் துரத்துகிறவர்களும் அவரளவு வேகமானவர்களே. உள்பக்கத்திலிருந்து, நேர் எதிரே வரும் அழுத்தத்தைத் தனியாகக் குறியுங்கள். காலடியில் ஆள் விழுந்து கிடக்க, முன்காலை முழுதாக ஊன்ற இடமில்லாமல் வீசும் பந்து எப்படிப் போகிறது என்பது கையின் உண்மையான பலத்தைச் சொல்லும். 2022 டிசம்பர் 31 அன்று பீச் பவுல் என்ற கல்லூரி ஆட்டத்தில் ஜார்ஜியாவின் தற்காப்புக்கு எதிராக ஒஹாயோ ஸ்டேட்டின் சி.ஜே. ஸ்ட்ரவுட் 348 யார்டு, 4 டச்டவுன் வீசினார். அணி 42-41 என்று தோற்றது. பாக்கெட்டை விட்டு நகர மாட்டார் என்ற விமர்சனத்துக்கு அந்த ஓர் ஆட்டமே பதில். டிராஃப்டுக்கு முன் அவருடைய அறிவாற்றல் சோதனை மதிப்பெண் குறைவு என்று செய்தி கசிந்து, அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். ஹூஸ்டன் டெக்சன்ஸுக்கு இரண்டாமிடத்தில் போய், முதல் பருவத்தில் 23 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன்.

கைபலத்தைக் குறைந்தபட்சத் தகுதியாகப் பாருங்கள், வரிசைப்படுத்தும் அளவுகோலாக வேண்டாம். தேவையான வீச்சுகள் வந்துவிட்டால் அதற்கு மேலான பலம் கூடுதல் வசதி, அவ்வளவே. ஜமார்கஸ் ரசல் 2007இல் முதலிடத்தில் எடுக்கப்பட்டார். அவர் கையைப்போல் ஒரு கை அபூர்வம். 25 ஆட்டங்கள் தொடங்கி, 18 டச்டவுன், 23 இன்டர்செப்ஷனோடு 2010இல் ரெய்டர்ஸ் அவரை விடுவித்தது.

துல்லியத்தைப் பிடிபட்டதா இல்லையா என்று பார்த்தால் ஏமாந்துபோவோம். குறுக்கே ஓடும் ரிசீவர் நின்று திரும்பிப் பிடித்தால் கணக்கில் முழு வெற்றிதான். ஆனால் ஓடியபடியே பிடித்திருந்தால் இன்னும் 10 யார்டு கிடைத்திருக்கும். பந்து எந்தத் தோளுக்குப் போனது என்று எழுதுங்கள். ஜோஷ் ஆலன் வயோமிங் கல்லூரியில் வீசியதில் பிடிபட்டது 56 சதவீதம்தான். 2018இல் ஏழாமிடத்தில் பில்ஸ் அணி எடுத்தது, முதல் பருவத்தில் 52.8 சதவீதம், 2020இல் 69.2. பலர் இதைக் காட்டி, துல்லியத்தைக் கற்பிக்கலாம் என்று முடிவுகட்டுகிறார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. ஆலனுக்குக் கால் அமைப்பில் குறை இருந்தது, அது திருத்தக்கூடிய வீச்சு நுட்பக் குறை. கூடவே ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற தேர்ந்த ரிசீவர் 2020இல் வந்து சேர்ந்தார். காலெல்லாம் சரியாக இருந்தும் பந்து சிதறுகிறவருக்கு இந்த உதாரணம் பொருந்தாது.

உடல் அளவுகளை விரைவாகக் கடக்கலாம். டிராஃப்டுக்கு முன் வீரர்களைச் சோதிக்கும் இண்டியானாபொலிஸ் கம்பைனில் உயரம், எடை, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை கையின் விரிவு எல்லாம் அளப்பார்கள். கை 9 அங்குலத்துக்குக் குறைந்தால் பேச்சு கிளம்பும். ஜோ பரோவுக்குச் சரியாக 9, கென்னி பிக்கெட்டுக்கு 8½. ஈரத்திலும் குளிரிலும் பந்து நழுவுமோ என்பதுதான் கவலை. அதற்குக் கையை அளப்பதைவிட, மழையில் ஆடிய ஆட்டத்தையும் பந்தைக் கைநழுவவிட்ட ஃபம்பிள் எண்ணிக்கையையும் பார்ப்பது மேல். 40 யார்டு ஓட்டத்தில் 5.28 நொடி எடுத்த, பின்னாளில் மாபெரும் குவார்ட்டர்பேக்கான டாம் பிரேடி 2000இல் 199ஆம் தேர்வாகப் போனார். அதே ஆண்டு தொடக்கத்தில் ஆரஞ்ச் பவுலில் அலபாமாவுக்கு எதிராகக் கூடுதல் நேரம்வரை போன ஆட்டத்தில் அவர் வீசிய 369 யார்டு எல்லோர் கையிலும் இருந்த வீடியோதான்.

வீரரின் கல்லூரியிலேயே அணிகளுக்காக நடத்தப்படும் பயிற்சிக் காட்சியான புரோ டேயில் தற்காப்பு வீரர்களே கிடையாது. எந்தப் பாஸ், எந்த வரிசை என்பதெல்லாம் முன்பே ஒத்திகை பார்த்தது. அங்கே காணும் நீண்ட அழகான வீச்சுக்காக மதிப்பை உயர்த்தவே கூடாது. ஸாக் வில்சன் 2021 புரோ டேயில் ஓடியபடி உடலைத் திருப்பி வீசிய ஒன்று நாடெங்கும் பேசப்பட்டது. ஜெட்ஸ் இரண்டாமிடத்தில் எடுத்தது. மூன்றே பருவங்களில் உறவு முடிந்தது.

நேர்காணல் அதைவிடப் பயனுள்ளது, சரியாக நடத்தினால். கம்பைனில் முறையான நேர்காணலுக்குக் கிடைப்பது சுமார் 18 நிமிடம்; அதற்குப் பிறகு ஒவ்வொரு அணியும் 30 பேர்வரை தன் இடத்துக்கு அழைக்கலாம். அவருடைய பழைய இன்டர்செப்ஷன் ஒன்றைத் திரையில் ஓட்டி, என்ன பார்த்தாய் என்று கேட்பார்கள். பழியைத் தூக்கி ரிசீவர்மேல் போடுகிறாரா என்பது ஒரு பக்கம். ரிசீவர்களை மறிக்கும் தற்காப்பு அமைப்பான கவரேஜை எந்த நொடியில் எதைக்கொண்டு அடையாளம் கண்டார் என்று சொல்ல முடிகிறதா என்பதுதான் முக்கியம். பிறகு புதிதாக மூன்று பிளேக்களை முழுப் பெயரோடு கற்றுக்கொடுத்து, வேறு பேச்சுக்குப் போய், ஒரு மணிநேரம் கழித்துப் பலகையில் வரையச் சொல்வார்கள். பாதுகாப்பு அமைப்பையும் சேர்த்து வரைகிறாரா, ரிசீவர் ஓட்டங்களை மட்டும் வரைகிறாரா என்பதிலேயே வித்தியாசம் தெரியும்.

மருத்துவ அறிக்கை பொதுமக்களுக்குக் கிடைக்காது. வெளியிலிருந்து பார்ப்பவர் இதில் தீர்ப்புச் சொல்லாமலிருப்பதே நேர்மை. 2019 நவம்பரில் இடுப்பு மூட்டு நழுவிய துவா டாகோவைலோவாவை மறு ஏப்ரலில் டால்ஃபின்ஸ் ஐந்தாமிடத்தில் எடுத்தது மருத்துவர்கள் பச்சைக்கொடி காட்டியதால்தான்.

எத்தனை ஆட்டம் தொடங்கினார் என்பதை லேசாக விடாதீர்கள். மிட்செல் ட்ரூபிஸ்கி கல்லூரியில் 13 ஆட்டம் தொடங்கினார். ட்ரே லான்ஸ் 17, அதுவும் ஒரு படி கீழ் மட்டத்தில், மொத்தம் 318 பாஸ். ஆட்டம் குறைவு என்றால் எதிரணிகள் அவரைப் படித்து, பலவீனத்தைக் கண்டு, மறுமுறை சந்திக்கும்போது அடைக்கும் வாய்ப்பே வரவில்லை என்று பொருள். அவர் அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார் என்பதை யாரும் பார்த்ததில்லை. மாறாக, ஒரே பருவத்தில் திடீரென உயர்ந்தவரைச் சந்தேகிப்பது நியாயமானாலும் காரணத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். பரோ எல்எஸ்யு கல்லூரி அணியில் 2018இல் 57.8 சதவீதம், 2019இல் 76.3 சதவீதமும் 60 டச்டவுனும். புது பாஸ் திட்டமும் ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன் போன்ற ரிசீவர்களும் உதவினார்கள் என்பது உண்மை. ஆனால் அலபாமா, ஜார்ஜியா, கிளெம்சன் என்று வரிசையாக வந்த தற்காப்புகளுக்கு எதிராக, நெருக்கத்தில் அவர் பாக்கெட்டுக்குள் நகர்ந்து வீசியவை எந்தத் திட்டமும் கொடுக்க முடியாதவை.

அணியின் வெற்றி தோல்வியைக் குவார்ட்டர்பேக்கின் கணக்கில் எழுதக் கூடாது. பின்னாளில் என்எஃப்எல்லின் உச்சிக்குப் போன பேட்ரிக் மஹோம்ஸ் 2016இல் கல்லூரியில் 5,052 யார்டு வீசினார். அவருடைய டெக்சஸ் டெக் அணி ஐந்தில் வென்று ஏழில் தோற்றது. மறு ஆண்டு பேர்ஸ் ஓரிடம் மேலேறி ட்ரூபிஸ்கியை இரண்டாமவராக எடுத்தது. மஹோம்ஸ் பத்தாமிடம்வரை இருந்தார். சீஃப்ஸ் 27இலிருந்து ஏறிவந்து அவரை எடுத்து, ஏறக்குறைய ஒரு பருவம் முழுதும் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்காரவைத்தது. போய்ச் சேரும் இடம் அத்தனை முக்கியம். 2002இல் புதிதாகத் தொடங்கிய டெக்சன்ஸ் முதலிடத்தில் எடுத்த டேவிட் கார் அந்த ஒரே பருவத்தில் 76 சாக் வாங்கினார். எனவே அறிக்கையில் மூன்று விஷயங்கள் தனித்தனியாக இருக்க வேண்டும்: முதல் நாளிலேயே அவரால் என்ன முடியும், எதைக் கற்பிக்க வேண்டும், எந்த வகை அணியில் அவர் உடைவார்.

மதிப்பை யாருடைய உத்தேசப் பட்டியலையும் பார்க்கும் முன் எழுதி முடித்துவிடுங்கள். இரண்டாம் சுற்றுத் தகுதி என்று எழுதிய ஒருவரை, குவார்ட்டர்பேக் தட்டுப்பாடு என்ற காரணத்துக்காக முதல் சுற்றுக்கு ஏற்றுவதுதான் அணிகள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை. 2021இல் முதல் 15 இடங்களுக்குள் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் போனார்கள். 2024 வசந்தத்துக்குள் டிரெவர் லாரன்ஸ் தவிர நால்வரும் எடுத்த அணியை விட்டுப் போயிருந்தார்கள். 2022 டிராஃப்டில் அணிகள் கையை அடக்கின: பிக்கெட் 20ஆமிடத்தில், அடுத்த குவார்ட்டர்பேக் 74ஆமிடத்தில்தான். அயோவா ஸ்டேட்டில் நான்கு பருவங்கள் ஆடி, பின்னாளில் என்எஃப்எல்லில் தொடக்கக் குவார்ட்டர்பேக்காக உயர்ந்த பிராக் பர்டி அதே டிராஃப்டின் கடைசித் தேர்வு, 262.